எழுதியது ஒன்று, இயங்குவது வேறா? – அணுஉலை மென்பொருளில் மூல நிரலும் இயந்திர நிரலும் ஒப்பிடப்படுவது ஏன்?

அணுமின் நிலையம், பயணிகள் விமானம், ரயில் பாதுகாப்பு அமைப்பு போன்றவற்றை இயக்கும் மென்பொருளைப் பொறியாளர்கள் வரிவரியாக ஆய்வு செய்கின்றனர். ஆனால், அவர்கள் ஆய்வு செய்யும் அந்த வரிகளை எந்தக் கணினியும் நேரடியாக இயக்குவதில்லை. மனிதர்கள் எழுதும் நிரலை 'கம்பைலர்' எனும் மற்றொரு மென்பொருள் எண்களாக மாற்றித் தருகிறது. அந்த எண்களே சில்லுகளில் பதிக்கப்பட்டு இயங்குகின்றன.

இந்த மாற்றத்தின்போது பிழை நேர்ந்தால் என்னவாகும்? பெரும்பாலான மென்பொருள்களில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. கைப்பேசிச் செயலி ஒன்று நின்றுபோனால் மீண்டும் திறந்துகொள்ளலாம். அணுஉலையை அவசரமாக நிறுத்த வேண்டிய நொடியில் மென்பொருள் தவறினால் அத்தகைய இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சைஸ்வெல் 'பி' அணுமின் நிலையத்தில் இக்கேள்விக்கு நேரடியாக விடை தேடப்பட்டது. பாதுகாப்பு அமைப்பின் நினைவகச் சில்லுகளில் பதிந்திருந்த எண்களைப் படித்தெடுத்து, அவை மூல நிரலில் எழுதப்பட்டதையே செய்கின்றனவா எனக் கணித முறையில் ஒப்பிட்டுப் பார்த்தனர். பாதுகாப்பு மென்பொருள் துறையில் இன்றளவும் முன்மாதிரியாகக் குறிப்பிடப்படும் அந்தப் பணி ஏன் தேவைப்பட்டது, எவ்வாறு நடந்தது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

மூல நிரலும் இயந்திர நிரலும்

நிரலாளர் எழுதுவது மூல நிரல். 'அழுத்தம் இந்த அளவைக் கடந்தால் உலையை நிறுத்து' என்பது போன்ற கட்டளைகளை மனிதர்கள் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவில் அது கொண்டிருக்கும். நுண்செயலிக்கு அந்த மொழி தெரியாது. 'இந்த முகவரியில் உள்ள எண்ணை எடு', 'அதை மற்றொரு எண்ணுடன் ஒப்பிடு', 'பெரியதாக இருந்தால் அந்த இடத்துக்குத் தாவு' என்ற அளவிலான மிகச் சிறிய கட்டளைகளை மட்டுமே, அதுவும் எண்களின் வடிவில், அது ஏற்கும். இதுவே இயந்திர நிரல்.

இவ்விரண்டுக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பது கம்பைலர். மூல நிரலின் ஒரு வரி, இயந்திர நிரலில் பல கட்டளைகளாக விரியலாம். சில வரிகள் தேவையற்றவை எனக் கருதப்பட்டு நீக்கப்படலாம். வேகத்துக்காகக் கட்டளைகளின் வரிசையும் மாற்றப்படலாம். இவற்றுக்குப் பின்னர், தனித்தனியாக மாற்றப்பட்ட பகுதிகளை ஒன்றாக இணைத்தல், ஒவ்வொன்றுக்கும் நினைவக முகவரி ஒதுக்குதல், சில்லில் பதித்தல் ஆகிய பணிகள் நடைபெறுகின்றன. ஒவ்வொரு படியிலும் தவறு நேர வாய்ப்பு உண்டு.

ஒப்பந்தம் ஒன்றின் ஆங்கில மூலத்தைப் பத்து வழக்கறிஞர்கள் படித்துச் சரியென ஒப்புதல் அளித்த பின்னர், அதன் மொழிபெயர்ப்பில் மட்டும் கையெழுத்திடுவதை ஒத்தது இது. மூலம் எத்தனை முறை சரிபார்க்கப்பட்டிருந்தாலும், கையெழுத்தானது மொழிபெயர்ப்பில்தான். ஆகவே, மொழிபெயர்ப்பை மூலத்துடன் ஒப்பிடாமல் சரிபார்ப்பு முழுமை பெறாது.

கம்பைலர் தவறு செய்யுமா?

கம்பைலரும் மனிதர்கள் எழுதிய மென்பொருளே. பல லட்சம் வரிகள் கொண்ட அதிலும் பிழைகள் இருக்கின்றன என்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 13 'சி' மொழிக் கம்பைலர்களைச் சோதித்தனர். உணர்கருவிகள் போன்ற புறச் சாதனங்களுடன் தொடர்புடைய நினைவக இடங்களைப் படிக்கும், எழுதும் கட்டளைகளே அந்தச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. அத்தகைய இடத்தை நிரலில் சொன்னபடி, சொன்ன எண்ணிக்கையில் படிக்க வேண்டும். 'ஏற்கெனவே ஒரு முறை படித்தாகிவிட்டதே' என்று கம்பைலர் அதைத் தவிர்த்துவிடக் கூடாது. சோதிக்கப்பட்ட 13 கம்பைலர்களும் ஏதேனும் ஒரு சூழலில் இந்த விதியைத் தவறாகக் கையாண்டது தெரியவந்தது. பாதுகாப்பு அமைப்புகள் பெரிதும் நம்பியிருப்பது இத்தகைய கட்டளைகளையே என்பது குறிப்பிடத்தக்கது.

அதே பல்கலைக்கழகக் குழுவினர் 2011-ல் மற்றொரு ஆய்வை வெளியிட்டனர். தானாகவே சீரற்ற நிரல்களை உருவாக்கிக் கம்பைலர்களுக்குக் கொடுக்கும் 'சிஸ்மித்' எனும் கருவியைக் கொண்டு, மூன்று ஆண்டுகளில் 325-க்கும் மேற்பட்ட, அதுவரை அறியப்படாத பிழைகளை அவர்கள் கண்டறிந்தனர். உலகெங்கும் பயன்படுத்தப்படும் ஜிசிசி, எல்எல்விஎம் கம்பைலர்களும் இதில் அடங்கும். பிழையுள்ள கம்பைலர் சில நேரங்களில் பாதியிலேயே நின்றுவிடும். அது நிரலாளருக்குத் தெரிந்துவிடும். எந்த எச்சரிக்கையும் இன்றித் தவறான இயந்திர நிரலை உருவாக்கித் தரும் பிழைகளே அதிக ஆபத்தானவை. அவையும் அந்த ஆய்வில் கண்டறியப்பட்டன.

கம்பைலர் விதிப்படி நடந்துகொண்டாலும் சிக்கல் எழலாம் என்பதற்கு 2009-ல் லினக்ஸ் இயங்குதளத்தில் வெளிப்பட்ட குறைபாடு சான்று. அதன் ஒரு பகுதியில், நினைவக முகவரி ஒன்று வெறுமையாக இருக்கிறதா எனச் சோதிக்கும் வரி எழுதப்பட்டிருந்தது. ஆனால், அந்தச் சோதனைக்கு முந்தைய வரியிலேயே அதே முகவரி பயன்படுத்தப்பட்டுவிட்டது. வெறுமையான முகவரியைப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதை 'சி' மொழியின் விதிகள் வரையறுக்கவில்லை. எனவே, 'பயன்படுத்தப்பட்ட முகவரி வெறுமையாக இருக்க முடியாது. இந்தச் சோதனை தேவையற்றது' என முடிவு செய்த கம்பைலர், சோதனை வரியை இயந்திர நிரலிலிருந்து நீக்கிவிட்டது. மூல நிரலைப் படித்தவர்களின் கண்ணுக்குப் பாதுகாப்புச் சோதனை தெரிந்தது. ஓடிய நிரலில் அது இல்லை. அத்துமீறி நுழைவோருக்கு வழிவிடும் ஓட்டையாக அது மாறியது.

ஒரு நிபந்தனை, இரு பொருள்

இத்தகைய பிழை பாதுகாப்பு அமைப்பு ஒன்றில் எவ்வாறு ஒளிந்திருக்க முடியும் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் மூலம் புரிந்துகொள்ளலாம்.

உணர்கருவி ஒன்று 0 முதல் 65,535 வரையிலான எண்ணாக அழுத்தத்தைத் தெரிவிக்கிறது எனக் கொள்வோம். 30,000-ஐக் கடந்தால் உலையை நிறுத்த வேண்டும். மூல நிரலில் இது ஒரே ஒரு நிபந்தனை வரி. இயந்திர நிரலிலோ, 'பெரியதாக இருந்தால் தாவு' என்பதற்கு இரு வேறு கட்டளைகள் உள்ளன. ஒன்று, எண்கள் அனைத்தையும் நேர்ம எண்களாகக் கருதும். மற்றொன்று, எதிர்ம எண்களும் உண்டு எனக் கருதும். இரண்டாவது கட்டளையின் பார்வையில், 16 இலக்க இரும வடிவில் 32,767-க்கு மேற்பட்ட எதுவும் எதிர்ம எண்ணே. எடுத்துக்காட்டாக, 40,000 என்பது மைனஸ் 25,536 ஆகிவிடும்.

கம்பைலர் தவறுதலாக இரண்டாவது கட்டளையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அழுத்தம் 30,001 ஆகும்போது அமைப்பு சரியாகவே செயல்படும். 32,000 வரையிலும் சரியாகவே செயல்படும். அழுத்தம் திடீரென 40,000-க்குத் தாவினால் மட்டும், அது எதிர்ம எண்ணாகவும் வரம்புக்குக் கீழே உள்ளதாகவும் கருதப்பட்டு, உலை நிறுத்தப்படாது. அதாவது, ஆபத்து மிகக் கூடுதலாக இருக்கும் நேரத்தில் பாதுகாப்பு கைவிட்டுவிடும்.

சோதனைப் பொறியாளர்கள் வழக்கமாக வரம்பின் இருபுறமும் உள்ள எண்களைக் கொடுத்துப் பார்ப்பர். 29,999-க்கு நிறுத்தவில்லை, 30,001-க்கு நிறுத்தியது என்றால் சோதனை வெற்றி எனப் பதிவாகும். மூல நிரலை எத்தனை பேர் படித்தாலும் பிழை தென்படாது. ஏனெனில் பிழை அங்கே இல்லை.

எல்லா எண்களையும் சோதித்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழலாம். ஓர் உணர்கருவி என்றால் 65,536 சோதனைகள் போதும். இரண்டு கருவிகளின் அளவுகள் ஒன்றோடொன்று சேரும்போது 429 கோடிக்கும் மேற்பட்ட இணைகள் உருவாகும். மூன்று என்றால் சுமார் 281 லட்சம் கோடி. நொடிக்குப் பத்து லட்சம் சோதனைகள் நடத்தினாலும் முடிக்க ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஆகும். உண்மையான அணுஉலைப் பாதுகாப்பு அமைப்புகள் கண்காணிக்கும் அளவுகளோ மூன்றைவிட மிக அதிகம். சோதனைகள் கட்டாயம் தேவை. ஆனால், அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

சைஸ்வெல் 'பி' எழுப்பிய கேள்வி

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில் வட கடலோரம் அமைந்துள்ளது சைஸ்வெல் 'பி'. பிரிட்டனில் மின் உற்பத்திக்காக இயங்கும் ஒரே அழுத்த நீர் உலை இதுவாகும். இத்திட்டம் குறித்த பொது விசாரணை 1983-ல் தொடங்கி 1985 வரை, 340 நாள்கள் நடைபெற்றது. விசாரணை முடிந்து, அறிக்கை வெளியாவதற்கு முன்னர், 1986 ஏப்ரலில் சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணுஉலை விபத்து நிகழ்ந்தது. 1987-ல் அரசின் ஒப்புதல் கிடைத்தபோது, அணுஉலைப் பாதுகாப்பு குறித்த ஒவ்வொரு கூற்றும் கூர்ந்து கவனிக்கப்படும் சூழல் உருவாகியிருந்தது.

சைஸ்வெல் 'பி'யின் முதன்மைப் பாதுகாப்பு அமைப்பு நுண்செயலிகளையும் மென்பொருளையும் அடிப்படையாகக் கொண்டது. உலையின் வெப்பநிலை, அழுத்தம், நியூட்ரான் அளவு உள்ளிட்டவற்றை அது இடைவிடாமல் கண்காணிக்கும். வரம்பு மீறப்பட்டால், கட்டுப்பாட்டுத் தண்டுகளை உலைக்குள் இறக்கி அணுக்கரு வினையை நிறுத்தும். அவசரக் குளிரூட்டல் போன்ற பாதுகாப்புக் கருவிகளையும் இயக்கும். ஒன்று பழுதானாலும் மற்றவை செயல்படும் வகையில் நான்கு தனித்தனித் தடங்களாக அது வடிவமைக்கப்பட்டது. ஆயினும், நான்கு தடங்களிலும் ஓடுவது ஒரே மென்பொருள் என்றால், அதில் உள்ள பிழையும் நான்கிலும் இருக்கும். வன்பொருள் பழுது தனித்தனியாக வரும். மென்பொருள் பிழை ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் வரும்.

இந்த அமைப்பின் மூல நிரல் சுமார் ஒரு லட்சம் வரிகளைக் கொண்டது. பெரும்பகுதி, இன்டெல் நிறுவன நுண்செயலிகளுக்கான பிஎல்/எம்-86 எனும் மொழியில் எழுதப்பட்டது. பத்தாயிரம் முறை செயல்பட அழைக்கப்பட்டால் ஒரு முறைக்கு மேல் தவறக் கூடாது என்பது அமைப்புக்கு வகுக்கப்பட்ட இலக்கு. மென்பொருள் சார்ந்த அமைப்பு ஒன்று அந்த இலக்கை எட்டியிருக்கிறது என்பதை எவ்வாறு நிரூபிப்பது என்பதே அணு நிறுவல்கள் ஆய்வகம் எனும் ஒழுங்குமுறை அமைப்பின் கேள்வியாக இருந்தது.

அந்த ஒழுங்குமுறை அமைப்பு இரு தூண்களைக் கொண்ட அணுகுமுறையை முன்வைத்தது. முதலாவது, உருவாக்கத்தில் உயர்தரம்: மென்பொருளை உருவாக்குவோர் தங்களது பணியின் ஒவ்வொரு படியிலும் உயர்ந்த நடைமுறைகளைப் பின்பற்றியதற்கான சான்றுகள். இரண்டாவது, சார்பற்ற மதிப்பீடு: உருவாக்கியவர்களுடன் தொடர்பில்லாதோர், முடிவடைந்த மென்பொருளை வேறு முறைகளில், வேறு கருவிகளைக் கொண்டு ஆராய்தல். 'நன்றாகச் செய்தோம்' என்பது முதல் தூண். 'நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள் என நாங்களே பார்த்தோம்' என்பது இரண்டாவது.

மூல நிரலை இயந்திர நிரலுடன் ஒப்பிடும் பணி இரண்டாவது தூணின் ஒரு பகுதியாக இடம்பெற்றது.

ஒப்பீடு நடந்த விதம்

நிலையத்தின் உரிமையாளரான நியூக்ளியர் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர்கள் இந்தப் பணிக்கான முறையை 1993-ல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். பிரிட்டன் பாதுகாப்புத் துறையின் மால்வெர்ன் ஆய்வு நிலையத்தில் தோன்றிய 'மால்பாஸ்' எனும் நிரல் பகுப்பாய்வுக் கருவி இதற்குப் பயன்படுத்தப்பட்டது. இக்கருவி நிரலை இயக்கிப் பார்ப்பதில்லை. கணிதச் சமன்பாடுகளாகக் கருதி ஆராய்கிறது.

ஒப்பீட்டின் தொடக்கப் புள்ளி, கம்பைலர் உருவாக்கிய கோப்பு அல்ல; நினைவகச் சில்லில் பதிந்திருந்த எண்கள். கம்பைலருக்குப் பின்னர் இணைத்தலிலோ, முகவரி ஒதுக்கலிலோ, பதித்தலிலோ தவறு நேர்ந்திருந்தால் அதுவும் வெளிப்பட வேண்டும் என்பதே இதற்குக் காரணம்.

சில்லிலிருந்து எடுக்கப்பட்ட எண்கள் முதலில் நுண்செயலிக் கட்டளைகளாகப் பிரித்தறியப்பட்டன. பின்னர், ஒவ்வொரு கட்டளையும் எதை மாற்றுகிறது என்பதை விவரிக்கும் மாதிரியின் உதவியுடன், மால்பாஸ் கருவி புரிந்துகொள்ளும் இடைநிலை மொழிக்கு மாற்றப்பட்டன. மற்றொரு புறம், பிஎல்/எம்-86 மூல நிரலும் அதே இடைநிலை மொழிக்குக் கொண்டுவரப்பட்டது. இப்போது இரண்டும் ஒரே மொழியில் உள்ளன. மூல நிரல், 'இவ்வாறு நடக்க வேண்டும்' எனும் வரையறையாகிறது. இயந்திர நிரல், 'இவ்வாறு நடக்கிறது' எனும் விவரமாகிறது. இரண்டும் பொருந்துகின்றனவா என்பதைக் கருவி ஒவ்வொரு பாதையாக ஆராய்கிறது.

இங்கு எண்களைக் கொடுத்துப் பார்ப்பதில்லை என்பது முக்கியம். அழுத்தத்துக்கு 30,001 என்றோ 40,000 என்றோ மதிப்பு தருவதற்கு மாறாக, 'ஏதோ ஓர் எண்' என்ற குறியீடாகவே வைத்துக்கொண்டு இரு பக்கமும் கிடைக்கும் விடைகள் ஒன்றா எனப் பார்க்கப்படுகிறது. ஒன்று என நிறுவப்பட்டால், அது எல்லா எண்களுக்கும் பொருந்தும். மேலே சொன்ன கற்பனைப் பிழை இந்த ஒப்பீட்டில் தப்பியிருக்க முடியாது. ஏனெனில் 'நேர்ம எண்ணாகக் கருது' என்பதும் 'எதிர்மமும் உண்டு எனக் கருது' என்பதும் இரு வேறு சமன்பாடுகள்.

கருவியால் தானாகத் தீர்க்க முடியாத இடங்களும் இத்தகைய பணியில் உண்டு. திரும்பத் திரும்ப இயங்கும் சுழல்களில், ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் நிற்கும் உண்மை எது என்பதை அறிந்தால் மட்டுமே ஒப்பீட்டைத் தொடர முடியும். கருவி சுட்டிக்காட்டும் வேறுபாடு உண்மையான பிழையா, எழுதும் விதத்தில் உள்ள வேறுபாடா என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டும்.

மீண்டும் மாற்றிப் பார்த்தால் போதாதா?

அதே மூல நிரலை அதே கம்பைலரில் மீண்டும் கொடுத்து, கிடைக்கும் எண்களும் சில்லில் உள்ள எண்களும் ஒன்றா எனப் பார்ப்பது எளிதல்லவா என்ற வினா எழுவது இயல்பு. அந்தச் சோதனை பயனுள்ளதே. சில்லில் இருப்பது இந்த மூல நிரலிலிருந்து வந்ததுதான், இடையில் யாரும் எதையும் மாற்றவில்லை, பழைய பதிப்பு தவறுதலாகப் பதிக்கப்படவில்லை என்பதை அது காட்டும்.

ஆனால், கம்பைலரில் பிழை இருந்தால், இரண்டாவது முறையும் அதே பிழையே உருவாகும். இரு விடைகளும் ஒன்றாக இருக்கும். இரண்டுமே தவறாக இருக்கும். 'இது அதிலிருந்து வந்ததா?' என்பது ஒரு கேள்வி. 'இதன் பொருளும் அதன் பொருளும் ஒன்றா?' என்பது மற்றொரு கேள்வி. சைஸ்வெல் ஒப்பீடு இரண்டாவது கேள்விக்கானது.

கம்பைலரை நம்புவதில் உள்ள ஆபத்தை யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-ல் வெளியான தமது டூரிங் விருது உரையில் வேறொரு கோணத்தில் விளக்கினார். கம்பைலரின் மூல நிரலில் எந்தத் தடயமும் இல்லாமல், அது உருவாக்கும் இயந்திர நிரலில் மட்டும் இரகசிய வழி ஒன்றைச் செருக முடியும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். மூல நிரலை எவ்வளவு கூர்ந்து படித்தாலும் அத்தகைய சதியைக் கண்டறிய இயலாது. தற்செயலான பிழைக்கும் திட்டமிட்ட சதிக்கும் எதிரான காவல் ஒன்றே: இயங்கும் நிரலையே நேரடியாக ஆராய்தல்.

பின்னர் வந்த வழிகள்

சைஸ்வெல் பணிக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தத் துறை இரு திசைகளில் வளர்ந்தது.

ஒவ்வொரு மொழிமாற்றத்தையும் தனித்தனியாகச் சரிபார்ப்பது ஒரு திசை. டூரிங் விருது பெற்ற கணினி அறிவியலாளர் அமீர் புனுவேலியும் அவரது சகாக்களும் 1998-ல் இதற்கு 'மொழிமாற்றச் சரிபார்ப்பு' எனப் பெயரிட்டு, தானியங்கு முறையாக முன்வைத்தனர். கம்பைலர் எப்போதும் சரியாகவே செயல்படும் என நிரூபிக்க வேண்டியதில்லை. இந்த முறை சரியாகச் செயல்பட்டது என்று காட்டினால் போதும் என்பது இதன் சாரம்.

ஆஸ்திரேலியாவில் உருவான 'எஸ்இஎல்4' எனும் இயங்குதளக் கருவில் இம்முறை பெரிய அளவில் கைகூடியது. சுமார் 8,700 வரிகள் கொண்ட அதன் 'சி' நிரல் வரையறைக்கு ஏற்பவே செயல்படும் என்பது 2009-ல் கணித முறையில் நிரூபிக்கப்பட்டது. ஆனால், 'கம்பைலர் சரியானது' என்பது அந்த நிரூபணத்தின் அனுமானங்களில் ஒன்றாக இருந்தது. 2013-ல், ஜிசிசி கம்பைலர் உருவாக்கிய இயந்திர நிரலே மூல நிரலுடன் பொருந்துகிறது என நிறுவப்பட்டதன் மூலம் அந்த அனுமானத்தின் தேவை நீங்கியது.

கம்பைலரையே நிரூபிப்பது மற்றொரு திசை. பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் சேவியர் லெராய் தலைமையில் உருவான 'காம்ப்செர்ட்' கம்பைலர், மூல நிரலின் பொருளை மாற்றாது என்பதற்கான கணித நிரூபணத்துடன் வருகிறது. யூட்டா ஆய்வாளர்களின் 'சிஸ்மித்' கருவி மற்ற கம்பைலர்களின் நடுப் பகுதிகளில் கண்டுபிடித்த வகையிலான பிழைகளைக் காம்ப்செர்ட்டின் நிரூபிக்கப்பட்ட பகுதியில் காணவில்லை. 2021-ம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது இதற்கு வழங்கப்பட்டது. ஜெர்மனியின் எம்டியு நிறுவனம், அணுமின் நிலையங்களின் அவசர மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளுக்கு இக்கம்பைலரைப் பயன்படுத்தியுள்ளது.

விமானத் துறை இடைப்பட்ட வழியைப் பின்பற்றுகிறது. பயணிகள் விமான மென்பொருளுக்கான டிஓ-178சி தரநிலை, பழுதானால் பேரழிவை ஏற்படுத்தக்கூடிய மென்பொருளை 'ஏ' நிலை என வகைப்படுத்துகிறது. அந்த நிலையில், மூல நிரலின் எந்த வரியிலிருந்து வந்தது எனக் காட்ட முடியாத இயந்திரக் கட்டளைகளைக் கம்பைலர் சேர்த்திருந்தால், அவற்றைத் தனியாக ஆராய்ந்து சரிபார்க்க வேண்டும்.

இவை தவிர, நடைமுறையில் பல எளிய முன்னெச்சரிக்கைகளும் உள்ளன. வேகத்துக்காகக் கம்பைலர் செய்யும் மாற்றங்களை நிறுத்திவைத்தல், மொழியின் ஆபத்தான பகுதிகளைத் தவிர்த்து எழுதுதல், நன்கு அறியப்பட்ட கம்பைலர் பதிப்பையே பல்லாண்டுகளுக்கு மாற்றாமல் பயன்படுத்துதல் ஆகியவை அவற்றுள் சில.

ஒப்பீட்டின் எல்லைகள்

மூல நிரலும் இயந்திர நிரலும் பொருந்துகின்றன என்பதால் மட்டும் அமைப்பு பாதுகாப்பானது ஆகிவிடாது. மூல நிரலே தவறாக இருந்தால், அந்தத் தவறும் பிசகின்றி இயந்திர நிரலுக்கு மாற்றப்படும்.

1996 ஜூன் 4-ம் தேதி, ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தனது முதல் பயணத்தில் ஏவப்பட்ட ஒரு நிமிடத்துக்குள்ளாகவே வெடித்துச் சிதறியது. ஏரியன் 4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்ட நிரல் பகுதி புதிய ராக்கெட்டிலும் பயன்படுத்தப்பட்டதும், 16 இலக்க இரும வடிவில் அடங்காத பெரிய எண்ணை அதற்குள் மாற்ற முயன்றதும் காரணம் எனத் தெரியவந்தது. அங்கு கம்பைலர் மீது குறை இல்லை, எழுதப்பட்டதுதான் இயங்கியது. எழுதப்பட்டது புதிய ராக்கெட்டுக்குப் பொருந்தவில்லை.

நுண்செயலியிலேயே பிழை இருக்கவும் வாய்ப்பு உண்டு. 1994-ல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலி சில வகுத்தல் கணக்குகளில் தவறான விடை தருவது தெரியவந்ததும், அதை மாற்றித் தருவதற்காக 47.5 கோடி டாலரை அந்நிறுவனம் ஒதுக்கியது. ஒப்பீட்டுக் கருவிகளிலும் பிழை இருக்கலாம். ஆனால், ஒரு தவறு தப்பிச் செல்ல வேண்டுமானால் கம்பைலரும் சரிபார்ப்புக் கருவியும் ஒரே இடத்தில், ஒரே விதமாகத் தவற வேண்டும். இரண்டும் வெவ்வேறு நபர்களால், வெவ்வேறு முறையில் உருவாக்கப்பட்டிருந்தால் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. சார்பற்ற மதிப்பீட்டின் வலிமை இதுவே.

சைஸ்வெல்லில் மென்பொருள் ஒன்றையே நம்பியிருக்கவும் இல்லை. முதன்மை அமைப்புக்குத் துணையாக, மென்பொருளே இல்லாத, காந்த உட்கருச் சுற்றுகளால் ஆன இரண்டாம் நிலைப் பாதுகாப்பு அமைப்பும் நிறுவப்பட்டது. முதலாவது தவறினாலும் இரண்டாவது உலையை நிறுத்தும்.

இந்தியாவில் ஏன் இது முக்கியம்?

இந்தியாவில் உயிர்காக்கும் பணிகளில் மென்பொருளின் பங்கு ஆண்டுதோறும் அதிகரித்து வருகிறது. ரயில்கள் மோதுவதைத் தடுக்கும் 'கவச்' அமைப்பு, ரயில்வேயின் ஆராய்ச்சி, வடிவமைப்பு மற்றும் தர நிர்ணய அமைப்பு இந்தியத் தொழில் நிறுவனங்களுடன் இணைந்து உருவாக்கியது. 2020-ல் தேசிய தானியங்கி ரயில் பாதுகாப்பு அமைப்பாக ஏற்கப்பட்ட இது, பாதுகாப்பு நிலைகளில் மிக உயர்ந்ததான எஸ்ஐஎல்-4 சான்று பெற்றது. ரயில்வே மென்பொருளுக்கான இஎன் 50128 எனும் ஐரோப்பியத் தரநிலை, உருவாக்கக் கருவிகளை மூன்று வகைகளாகப் பிரிக்கிறது. இயங்கும் நிரலில் நேரடியாகப் பங்களிக்கும் கம்பைலர் போன்றவை மிகக் கடுமையான மூன்றாம் வகையில் வருகின்றன. அவற்றின் வெளியீடு சரியானது என்பதற்கோ, பிழை இருந்தால் கண்டறியப்படும் என்பதற்கோ சான்று தேவை.

தேஜஸ் உள்ளிட்ட ராணுவ விமானங்களின் பறக்கும் தகுதியைச் சான்றளிக்கும் செமிலாக் அமைப்பு பெங்களூருவில் செயல்படுகிறது. அணுமின் நிலையங்களின் கணினி சார்ந்த அமைப்புகளுக்கென அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வழிகாட்டி வெளியிட்டுள்ளது. உள்நாட்டிலேயே வடிவமைக்கப்படும் இத்தகைய அமைப்புகள் பெருகும்போது, அவற்றைச் சரிபார்க்கும் திறனும் உள்நாட்டிலேயே வளர வேண்டியுள்ளது. பெரும்பாலும் பிற நாடுகளில் உருவான கம்பைலர்களும் நுண்செயலிகளுமே பயன்பாட்டில் உள்ளன என்பதால், 'எழுதியதுதான் இயங்குகிறதா?' என்ற கேள்விக்குத் தனித்து விடை காணும் ஆற்றல் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

சைஸ்வெல் 'பி' 1995 பிப்ரவரியில் முதன்முறையாகப் பிரிட்டனின் மின் தொகுப்புடன் இணைக்கப்பட்டது. அதன் பாதுகாப்பு அமைப்புக்காக மேற்கொள்ளப்பட்ட பணி விட்டுச்சென்ற பாடம் எளிமையானது. ஆவணத்தில் இருக்கும் மென்பொருளுக்கு வழங்கப்படும் சான்று ஆவணத்துக்கு மட்டுமே உரியது. உலையைக் காப்பது சில்லில் இருக்கும் எண்கள். எனவே, இறுதியாகச் சரிபார்க்கப்பட வேண்டியதும் அவையே.